பள்ளியில் இல்லாத மொழியைப் பள்ளி நேரத்திலேயே படிப்பது: ஜப்பானிய மொழிக்கு ஒரு ஓராண்டுத் திட்டம்

கேள்வியின் சுருக்கம் இது. பதினோராம் வகுப்பு மாணவி ஒருவருக்கு ஜப்பானிய மொழியும் பண்பாடும் படிக்க ஆசை. பள்ளியில் அந்தப் பாடம் கிடையாது. சுயமாகப் படிப்பதாக இருந்தால் வாரத்துக்கு மூன்று பாடவேளை ஒதுக்கித் தருகிறோம், மேற்பார்வைக்கு ஒரு ஆசிரியரையும் தருகிறோம் என்று பள்ளி சொல்லியிருக்கிறது. அந்த ஆசிரியருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆண்டு முடிவில் மதிப்பெண் போட்டாக வேண்டும். எப்படித் திட்டமிடுவது, பண்பாட்டை எப்படிச் சேர்ப்பது, மதிப்பெண்ணுக்கு எதைக் காட்டுவது என்று கேட்கிறார்.

முதலில் புத்தகத்தையும் செயலியையும் தேடாதீர்கள், ஆட்களைத் தேடுங்கள். சுயமாகப் படிப்பது என்றால் என்ன படிப்பது, எந்த வேகத்தில் படிப்பது என்ற முடிவுகள் உங்களுடையவை, அவ்வளவுதான். உங்கள் பேச்சைக் கேட்கவும் திருத்தவும் சோதிக்கவும் மற்றவர்கள் வேண்டும். அமெரிக்காவில் சில கல்லூரிகள் ஆசிரியர் கிடைக்காத மொழிகளுக்குப் பல பத்தாண்டுகளாக ஒரு முறையைக் கையாள்கின்றன. மாணவர் பாடநூலையும் ஒலிப்பதிவையும் வைத்துத் தானே படிப்பார். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் வாரந்தோறும் அவரோடு பேசிப் பழக வருவார். இலக்கணம் விளக்குவது இவர் வேலை இல்லை. பருவம் முடிந்ததும் வெளியிலிருந்து ஒரு மொழியாசிரியர் வந்து தேர்வு வைப்பார். கற்பிப்பது, கேட்பது, சோதிப்பது என்று மூன்று வேலைகளையும் பிரித்துவிட்டதால், எல்லாம் தெரிந்த ஒரு ஆசிரியர் இல்லாத குறை பெரிதாகத் தெரிவதில்லை. உங்கள் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

பேச்சுக் கேட்பவர் எங்கே கிடைப்பார்? ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் வெளிநாடுகளில் பரப்ப ஜப்பானிய அரசின் ஆதரவில் 1972-இல் தொடங்கிய ஜப்பான் ஃபவுண்டேஷன், தூதரகங்களின் பண்பாட்டுப் பிரிவு, ஜப்பானிய மொழித்துறை உள்ள பல்கலைக்கழகங்கள், அங்கு வந்து படிக்கும் ஜப்பானிய மாணவர்கள் என்று கேட்டுப் பார்க்க இடங்கள் உண்டு. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நீங்களாக இணையத்தில் முன்பின் தெரியாத ஒருவரைப் பிடித்துப் பேசத் தொடங்க வேண்டாம். கடிதம் பள்ளியின் பெயரில் போகட்டும். காணொளிப் பேச்சு பள்ளி வளாகத்தில், பாடவேளையில், மேற்பார்வை ஆசிரியர் அருகில் இருக்கும்போது நடக்கட்டும். பாதுகாப்புக்கு இது அவசியம். இன்னொரு பயனும் உண்டு: நேரம் தவறாமல் நடக்கும்.

வாரம் அரை மணி நேரம் கிடைத்தால் போதும். அந்த அரை மணியில் புதிதாக எதையும் கற்க வேண்டாம். அந்த வாரம் நீங்கள் தயார் செய்ததைச் சொல்லுங்கள், அவர் கேள்வி கேட்கட்டும், பதில் சொல்லத் தடுமாறுங்கள். தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொண்டால் அடுத்த வாரத்துப் பாடம் தானாகத் தயாராகிவிடும். தனியாகப் படிப்பவர்களில் பெரும்பாலோர் மொழியைப் பற்றி நிறையத் தெரிந்தவர்களாக ஆகிறார்கள், ஆனால் வாய் திறப்பதில்லை. புரிந்துகொள்வதால் மட்டும் பேச்சு வந்துவிடாது. கனடாவில் பிரெஞ்சு வழியில் பல ஆண்டுகள் படித்த மாணவர்களை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985-இல் வலியுறுத்தியது இதைத்தான்: நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளைகளும் பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கியே இருந்தார்கள். சொல்ல முயன்று திணறும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பதே ஒருவருக்குத் தெரிகிறது என்று அவர் பின்னர் விளக்கினார்.

அடுத்து, கணக்கு. பாடவேளை 45 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், வாரம் மூன்று வீதம் 35 வாரத்துக்குச் சுமார் 80 மணி நேரம் வரும். வீட்டில் தினமும் 20 நிமிடம் படித்தால் இன்னொரு 80 மணி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட தூதரக அதிகாரிகள் ஜப்பானிய மொழியில் பணிபுரியும் அளவுக்குத் தேற 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வேறு இலக்கு. ஆனால் ஓராண்டில் சரளமாகப் பேசுவேன் என்று பள்ளிக்குக் கொடுக்கும் தாளில் எழுதுவதும் வேண்டாம். 160 மணி நேரத்தில், மொழித் திறனை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின் முதல் நிலையான ஏ1-ஐ உருப்படியாக முடித்து, அடுத்த நிலையான ஏ2-க்குள் கொஞ்சம் நுழையலாம். ஜப்பான் ஃபவுண்டேஷன் அந்தச் சட்டகத்தைத் தழுவி 2010-இல் தனக்கென ஒரு தரநிலையை வெளியிட்டது. அதில் இலக்குகள் எல்லாம் 'இன்னது செய்ய முடியும்' என்ற வாக்கியங்களாக இருக்கும்: தன் அன்றாட நடவடிக்கைகளைச் சொல்ல முடியும், எளிய அறிவிப்பைப் படித்து நேரத்தையும் இடத்தையும் கண்டுபிடிக்க முடியும் என்பது போல. அப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்து உங்கள் இலக்காக எழுதுங்கள். மொழி தெரியாத ஆசிரியருக்கும் அது புரியும்.

எழுத்திலிருந்து தொடங்குங்கள். ஜப்பானிய மொழியில் ஒலியைக் குறிக்கும் எழுத்து வரிசைகள் இரண்டு: ஹிரகானாவில் 46 அடிப்படை எழுத்து, கட்டகானாவில் 46. முதல் மாதத்தை முழுக்க இதற்கே கொடுத்தாலும் வீண் இல்லை. ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். தமிழில் ஒரே எழுத்து இடத்துக்குத் தக்கபடி வல்லொலியாகவும் மெல்லிய ஒலியாகவும் மாறும். 'தங்கம்' என்ற சொல்லில் வரும் ககரமும் 'கல்' என்பதன் ககரமும் நமக்கு ஒரே எழுத்து. ஜப்பானிய மொழியில் அவை வெவ்வேறு ஒலிகள், மாற்றினால் சொல்லே மாறிவிடும். தமிழில் எழுதிப் படித்தால் கண் காதை ஏமாற்றும். நான் இந்தப் பதிலில் தமிழ் எழுத்தில் தரும் ஜப்பானியச் சொற்களையும் ஒலிப்பதிவில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம், குறில் நெடில் வேறுபாட்டை உணரும் காது நமக்குப் பிறவியிலேயே வாய்த்தது. ஜப்பானிய மொழியின் தாளமே மாத்திரைக் கணக்கில் நடப்பதுதான். நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை, அங்கே சொல்லின் நடுவிலும் இறுதியிலும் வரும் ன் போன்ற ஒலிக்கும் இரட்டிக்கும் ஒலிக்கும் முழு மாத்திரை, வித்தியாசம் அவ்வளவுதான்.

இவை தவிர, சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் கான்ஜி எழுத்துகள் அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 இருக்கின்றன. ஜப்பானியக் குழந்தைகள் முதல் வகுப்பில் படிப்பது 80. உங்களுக்கும் இந்த ஆண்டுக்கு அந்த 80 போதும். மறதியை வெல்ல இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்க்கும் அட்டைகள் நல்ல வழி. ஆன்கி என்ற செயலி அதைச் செய்யும், கையால் எழுதிய அட்டைகளும் செய்யும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் அட்டைக்குக் கொடுக்காதீர்கள்.

இலக்கணத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் மாணவர்கள் தங்கள் கையில் இருக்கும் பெரிய வசதியைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். கிடைக்கும் பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. வினை ஏன் கடைசியில் வருகிறது, உருபு ஏன் பெயருக்குப் பின்னால் வருகிறது, ஒரு பெயரை விவரிக்கும் முழு வாக்கியம் ஏன் அந்தப் பெயருக்கு முன்னால் நிற்கிறது என்றெல்லாம் அவை பக்கம் பக்கமாக விளக்கும். உங்களுக்கு அந்த விளக்கம் எதுவும் தேவையில்லை. 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்ற வரிசையை அப்படியே வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றி, எழுவாய்க்குரிய இடைச்சொல்லை மட்டும் சேர்த்தாலே சரியான ஜப்பானியத் தொடர் கிடைத்துவிடும்.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் மாதக்கணக்கில் போராடும், வினையின் 'தே' வடிவம் நம் வினையெச்சம் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பினேன் என்று நாம் அடுக்குவதுபோல அவர்களும் அடுக்குகிறார்கள். அதற்குப் பின்னால் வரும் துணைவினைகளைப் பாருங்கள். சாப்பிட்டுப் பார் என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்களும் 'பார்' என்ற வினையைத்தான் துணையாகச் சேர்க்கிறார்கள். வாங்கி வை என்பதற்கு 'வை'. தொலைத்துவிட்டேன் என்பதில் நாம் 'விடு' சேர்த்துக் காட்டும் அந்த 'முடிந்தே போய்விட்டது' என்ற உணர்வுக்கு அவர்களுக்கும் ஒரு துணைவினை இருக்கிறது. பிறர் சொன்னதைச் சொல்லும்போது நாம் போடும் 'என்று' போல அங்கே 'தோ' என்ற சிறு இடைச்சொல் அதே இடத்தில் நிற்கும். சுட்டுகளில் ஜப்பானிய மொழி மூன்று தூரம் பார்க்கும்: பேசுகிறவர் பக்கம், கேட்பவர் பக்கம், இருவருக்கும் அப்பால். பழந்தமிழின் இது, உது, அது என்ற வரிசையை, இலங்கைத் தமிழில் இன்றும் புழங்கும் 'உது'வை, நினைத்துக்கொண்டால் குழப்பமே வராது. போதாக்குறைக்கு ஜப்பானிய வினைக்குத் திணை, பால், எண், இடம் எதுவும் கிடையாது. நான் போனாலும் அவர்கள் போனாலும் ஒரே வடிவம்.

அதனால் இலக்கணக் குறிப்பேட்டைத் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொரு அமைப்புக்கும் பக்கத்தில் அதற்கு இணையான தமிழ் வாக்கியம். எங்கே பொருந்தவில்லையோ அங்கே சிவப்பு மையில் குறி. உதாரணத்துக்கு, உயிருள்ளவை இருப்பதற்கு ஒரு வினையும் உயிரற்றவை இருப்பதற்கு வேறு வினையும் அங்கே உண்டு. நமக்கு இரண்டுக்கும் 'இரு' ஒன்றுதான். எழுவாயைக் காட்டும் இடைச்சொல்லுக்கும் பேசுபொருளைக் காட்டும் இடைச்சொல்லுக்கும் உள்ள வேறுபாடும் தமிழ்வழியாக முழுதாகப் பிடிபடாது. சிவப்புக் குறி விழும் இடங்களில்தான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டும்.

இந்த ஒற்றுமைகளைப் பார்த்ததும் இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று யாராவது சொல்வார்கள். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ அப்படி ஒரு கருத்தை நீண்டகாலம் முன்வைத்தார். ஆனால் ஒப்பியல் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. இதே வகை வாக்கிய அமைப்பு கொரிய மொழியிலும் துருக்கியிலும் இருக்கிறது. உங்கள் குறிப்பேட்டில் உறவுமுறையாக எழுத வேண்டாம், அமைப்பு ஒற்றுமை என்று எழுதுங்கள்.

சரி, பண்பாடு. பெரும்பாலான பள்ளித் திட்டங்கள் இங்கேதான் சொதப்புகின்றன. தேநீர்ச் சடங்கு, கிமோனோ, செர்ரிப் பூ, சாமுராய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், படம் ஒட்டி, தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதில் மொழிக்கு வேலையே இல்லை. நான் சொல்வது: ஒரே ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆண்டு முழுக்க அதையே தோண்டுங்கள், படிக்கும் ஜப்பானியத்தில் முடிந்தவரை அதையே பேசுங்கள். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஜப்பானியப் பள்ளிக்கூடத்தின் ஒரு நாள். நீங்களே பள்ளி மாணவி, ஒப்பிட உங்கள் சொந்த நாளே இருக்கிறது. நேரம், இடம், பொருள், தினசரி வினைகள் என்று ஏ1 நிலையில் வரும் சொற்கள்தான் தேவைப்படும். எரின் என்ற வெளிநாட்டு மாணவி ஜப்பானிய உயர்நிலைப் பள்ளியில் சேர்வதை வைத்தே ஜப்பான் ஃபவுண்டேஷன் காணொளிப் பாடங்களை உருவாக்கியிருக்கிறது. உங்களுக்கென்றே செய்ததுபோல இருக்கும்.

தோண்டுவது என்றால் எப்படி என்று ஒரு உதாரணம். ஜப்பானியப் பள்ளிகளில் மாணவர்களே வகுப்பறையைச் சுத்தம் செய்கிறார்கள் என்று எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். அங்கே துப்புரவுப் பணியாளர்களே கிடையாது என்று அதோடு சேர்த்துப் பரப்புவார்கள். அது சரியில்லை, பள்ளியின் பராமரிப்பு வேலைகளுக்கு யோமுயின் எனப்படும் பணியாளர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் மாணவர்கள் ஏன் செய்கிறார்கள்? அது 'தொக்கத்ஸு' என்ற, பாடத்துக்கு வெளியே உள்ள கூட்டுச் செயல்பாடுகளின் பகுதியாக, கல்வியாகவே பார்க்கப்படுகிறது. யார் எந்த இடத்தைச் செய்வது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? பிடிக்காத மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? இந்தக் கேள்விகளை எளிய ஜப்பானிய வாக்கியங்களாக்கி, உங்களோடு பேச வருகிறவரிடம் கேளுங்கள். அவர் சொல்வது அவருடைய பள்ளியின் அனுபவம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

அந்தச் சமூகத்துக்குள்ளேயே நடக்கும் விவாதங்களையும் விடாதீர்கள். பள்ளி மன்றப் பயிற்சிகள் மாணவர்களையும் ஆசிரியர்களையும் களைப்பாக்குகின்றன என்ற பேச்சு வலுத்து, 2018-இல் அந்நாட்டு விளையாட்டு முகமை வாரத்துக்கு இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும், வார நாட்களில் பயிற்சி இரண்டு மணி நேர அளவோடு நிற்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தலைமுடி நிறம் முதல் உள்ளாடை நிறம் வரை கட்டுப்படுத்திய பள்ளி விதிகள் கடும் விமர்சனத்துக்கு ஆளாகி, டோக்கியோ மாநகரப் பொதுப் பள்ளிகள் 2022-இல் அவற்றில் பலவற்றைக் கைவிட்டன. 'ஜப்பானியர்கள் ஒழுக்கமானவர்கள்' என்ற ஒரே வரியோடு திரும்பி வருகிற மாணவருக்கும், இதையெல்லாம் தெரிந்து வருகிற மாணவருக்கும் உள்ள தூரம்தான் பண்பாட்டுப் படிப்பு.

மரியாதை வடிவங்களும் இந்தப் பகுதியில்தான் சேர வேண்டும். மூத்த மாணவர், இளைய மாணவர் என்ற படிநிலை அங்கே பேச்சிலேயே தெரியும். நீ, நீங்கள் என்று மாற்றிப் பேசிப் பழகிய நமக்கு அந்த உணர்வு புதிதில்லை. ஆனால் அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதில் வரும் பல பாத்திரங்கள் நெருங்கிய நண்பர்களிடமோ எதிரிகளிடமோ பேசும் முரட்டு நடையில் பேசுகின்றன. காதுக்குப் பயிற்சியாக அனிமேயை வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு இந்த ஆண்டு 'தெஸ்', 'மஸ்' என்று முடியும் பணிவான வடிவம் போதும்.

வாசிப்புக்கு 'ததொக்கு' என்ற பழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். நிறைய வாசிப்பது என்பதுதான் அதன் சாரம். மிக எளிதானதிலிருந்து தொடங்கு, அகராதியைத் தொடாதே, புரியாததைத் தாண்டிப் போ, பிடிக்கவில்லையென்றால் வேறு புத்தகம் எடு என்று நான்கே விதிகள். படிநிலைப்படுத்திய சிறு நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடக்க நிலையில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிதான் இருக்கும்.

மொழிபெயர்ப்புக் கருவிகளைப் பற்றி ஒரே வார்த்தை: முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு அதனிடம் காட்டுங்கள். வரிசையை மாற்றினால் படிப்பு நின்றுவிடும்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். உங்கள் ஆசிரியருக்கு மொழி தெரியாததால், அவர் கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடியதை நீங்கள் சேர்த்துவைக்க வேண்டும். ஐரோப்பிய மன்றம் வடிவமைத்த மொழித் தொகுப்பேட்டின் மூன்று பகுதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: எந்த நிலையில் இருக்கிறேன் என்ற பக்கம், எப்படிக் கற்றேன் என்ற குறிப்பேடு, செய்த வேலைகளின் மாதிரிகள். மூன்றாவதில்தான் கனம் இருக்க வேண்டும். நான் சொல்லும் வழி இது. 'என் பள்ளி நாள்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எதையும் பார்க்காமல் பேசிப் பதிவு செய்யுங்கள். முதல் பதிவு அரை நிமிடம்கூட ஓடாது. கடைசிப் பதிவையும் அதையும் அடுத்தடுத்துப் போட்டால், மொழி தெரியாதவருக்கும் வளர்ச்சி கேட்கும். பண்பாட்டுப் பகுதிக்கு, ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானியப் பள்ளி பற்றி நீங்கள் நம்புவதைப் பத்து வரியில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவையுங்கள். முடிவில் அதை வரி வரியாகத் திருத்தி, எந்த ஆதாரத்தால் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும், உங்கள் ஆசிரியரே முழுதாக மதிப்பிட்டுவிடுவார்.

மொழித் திறனுக்கான மதிப்பெண்ணை வெளியாள் ஒருவர் தருவது நல்லது, ஒரு கால் மணி நேர வாய்மொழித் தேர்வு போதும். ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5 எழுதலாமா என்றால், எழுதலாம். சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதில் பேச்சும் எழுத்தும் சோதிக்கப்படுவதில்லை, சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான். அதை மட்டும் நம்பி மதிப்பெண் போடச் சொல்லாதீர்கள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சில இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறைதான். விண்ணப்பம் பல மாதம் முன்பே முடிந்துவிடும், அதனால் தேதியை இப்போதே பாருங்கள்.

கடைசியாக, பள்ளியிடம் கொடுக்க ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். இலக்கு வாக்கியங்கள், வாரத்தின் மூன்று பாடவேளையில் எது எதற்கு (ஒன்று புதுப் பாடத்துக்கு, ஒன்று பேச்சுக்கும் அதற்கான தயாரிப்புக்கும், ஒன்று வாசிப்புக்கும் பண்பாட்டு வேலைக்கும்), எந்தத் தேதியில் எதைக் காட்டுவீர்கள், மொழிக்கும் பண்பாட்டுக்கும் மதிப்பெண் எப்படிப் பிரியும், வெளித்தேர்வாளர் யார். மூன்றாம் மாத முடிவில் ஆசிரியரோடு உட்கார்ந்து இந்தப் பக்கத்தைத் திருத்தலாம் என்ற வரியையும் அதிலேயே சேர்த்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மூன்று மாதத்தில் எழுத்து முடிந்திருக்கும், உங்கள் உண்மையான வேகமும் தெரிந்திருக்கும். பன்னிரண்டு இலக்கு எட்டாகக் குறைய வேண்டியிருந்தால் அப்போதே குறைத்துவிடலாம்.